பக்கிள் உடைந்தால் பெல்ட்டை எறியாதீர்கள்

வெள்ளிக்கிழமை காலையில் செஞ்சி வாரச்சந்தைக்குப் போகிறவர்கள், ஆடுகளைப் பார்க்கும் முன் ஆட்டு வியாபாரிகளின் இடுப்பைப் பாருங்கள். வேட்டியோ லுங்கியோ, அதன்மேல் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட். பிரஸ் பட்டன் வைத்த பைக்குள் அன்றைய முதல் முழுவதும் இருக்கும். பக்ரீத்தும் தீபாவளியும் நெருங்கும் வாரங்களில் அந்தப் பை எவ்வளவு கனக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தனையையும் பிடித்து நிறுத்துவது ஒன்றோ இரண்டோ சிறிய தோல் வாரும் அவற்றின் பக்கிளும்தான். அந்தப் பக்கிள் போய்விட்டால் வியாபாரி பெல்ட்டை எறிவதில்லை. செருப்புத் தைப்பவரிடம் நீட்டுவார். வேறு பக்கிள் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பேரத்துக்குப் போய்விடுவார்.

பேன்ட் போடுகிற நாம்தான், பக்கிள் உடைந்ததும் புது பெல்ட் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறோம். தோல் நன்றாகத்தான் இருக்கும். இன்னும் ஐந்தாறு வருஷம் உழைக்கும். ஆனாலும் குப்பைக்குப் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட்டில் விலை தோலுக்கு. பக்கிள் கழற்றி மாட்டுகிற சாமான். உடைந்த பக்கிளை ஒட்ட வைக்க மெனக்கெடுவதைவிட அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது சுலபம், நீடித்தும் இருக்கும். இதற்கு விலக்கு இரண்டே. முள் மட்டும் உடைந்திருந்தால் புது முள் செய்து போடலாம். பக்கிள் சுத்தப் பித்தளையாக இருந்தால் பற்றவைக்கலாம். மற்றபடி பசை, டேப், கட்டுக்கம்பி எல்லாம் ஒரு நாள் சமாளிப்பு.

எது போயிற்று?

"பக்கிள் உடைந்துவிட்டது" என்று கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடைந்திருப்பது பக்கிளே அல்ல. பெல்ட்டை மேசைமேல் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியே தெரிகிற உலோகக் கட்டம் சட்டம். துளைக்குள் நுழைவது முள். முள் சுற்றியிருக்கிற, தோல் மடிந்து சூழ்ந்திருக்கிற குறுக்குக் கம்பி தண்டு. தோல் தண்டைச் சுற்றித் திரும்பி வந்து தைக்கப்பட்டிருக்கிற இடம் மடிப்பு. மிச்ச வாரைச் சொருகி வைக்கிற சின்னத் தோல் பட்டை லூப்.

பெரும்பாலும் முதலில் போவது மடிப்பில் இருக்கிற தையல். தையல் விட்டதும் பக்கிள் கையோடு வந்துவிடும். ஆனால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஊசி நூலோடு தீர்கிற வேலை அது. இரண்டாவது முள்: வளைந்துபோகும், அல்லது சுருள் திறந்து தண்டிலிருந்து கழன்றுவிடும். சுருள் திறந்ததுதான் என்றால் மூக்குக் குறட்டால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். மூன்றாவது, மடிப்பில் தோலே வெடித்து அறுவது. சட்டமோ தண்டோ இரண்டாக உடைவது கடைசி வகை. அப்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது.

என்ன உலோகம்?

சமையலறை அலமாரியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால், பக்கிளின் பின்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக, அரத்துக்கு உடனே இடம் கொடுத்தால் துத்தநாகக் கலவை. உடைந்த முகத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். துத்தநாகக் கலவை கற்கண்டை உடைத்தாற்போல் குருணை குருணையாக இருக்கும். வளையாமல் சட்டென்று உடைந்திருக்கும். பித்தளை வளைந்து, இழுபட்டு, பிறகுதான் உடையும். காந்தமும் ஒட்டாமல், அரத்துக்கும் மசியாமல், மேல்பூச்சு எதுவும் உரியாமல் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. அது அநேகமாக உங்களிடம் பழுதுக்கு வராது.

கடைகளில் தொங்கும் சாதாரண பெல்ட்களில் பெரும்பாலானவற்றின் பக்கிள் துத்தநாகக் கலவைதான். துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து, உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி நொடியில் எடுத்துவிடுவார்கள். 1920களில் அமெரிக்காவில் உருவான கலவை இது. உருகுநிலை 380 டிகிரி செல்சியஸ் சுற்றில். பித்தளைக்கு 900 டிகிரிக்கு மேல் வேண்டும். குறைந்த சூட்டில் உருகுகிறது, நுணுக்கமான வடிவமெல்லாம் விழுகிறது, மேலே நிக்கலோ குரோமோ பூசினால் வெள்ளி மாதிரி மின்னுகிறது. தயாரிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடி தாங்காது என்பதுதான் குறை. வார்ப்பின்போது உள்ளே சிக்கிய சின்னக் காற்றுக்குமிழ் ஒன்று தண்டின் மூலையில் இருந்துவிட்டால், குனிந்து நிமிர்கிற ஒரு நாளில் அந்த இடத்தில் முறியும்.

இதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். தீ பட்டதும் பக்கிள் உருகி ஒழுகிவிடும். வீட்டிலும் கேஸ் அடுப்பில் காட்டிப் பார்க்க வேண்டாம். துத்தநாகம் அதிகம் சூடானால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஈயப்பற்று வைக்கிற சால்டரிங் கம்பியும் இதில் உதவாது. குரோம் பூச்சில் பற்று பிடிக்காது. பூச்சைச் சுரண்டிவிட்டு வைத்தாலும் பெல்ட் இழுக்கிற இழுப்புக்கு நிற்காது.

அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் பசை? சட்டத்தின் அலங்காரத் தகடு கழன்றிருந்தால் தாராளமாக ஒட்டுங்கள். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் குழைத்து ஒட்டி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். முறிந்த தண்டை ஒட்ட மட்டும் அதை நம்ப வேண்டாம். நூலிழை அகலமுள்ள ஒரு முறிவு முகத்தின்மேல் உங்கள் வயிற்றின் மொத்த அழுத்தமும் விழுகிறது. ஃபெவிக்விக் அதைவிட மோசம். இறுகியதும் கண்ணாடி போலாகி, ஒரு தட்டில் விட்டுவிடும். பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறிப் புகையும், ஆகையால் மடியில் வைத்துக்கொண்டு அதை உபயோகிக்காதீர்கள்.

பித்தளை என்றால் கதையே வேறு. நகை செய்கிற தட்டார் பட்டறையில் கொடுத்தால், முறிவில் வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து ஊதிக் கொடுத்துவிடுவார்கள். ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி, புளி போட்டுத் தேய்த்தால் ஒட்டே தெரியாது. அப்பாவின் பழைய பித்தளை பக்கிள் இருந்தால் இந்தச் செலவு தகும். 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த காலத்தில், ஐரோப்பியக் காலாட்படைக்காரன் தோளிலும் இடுப்பிலும் தோல் வார்தான், வார்ப் பூட்டெல்லாம் பித்தளைதான். சட்டமும் முள்ளுமான இந்த அமைப்பு அதற்கும் முந்தியது, ரோமானியப் படையிலேயே இருந்தது. ரோமானியச் சிப்பாய்க்கும் நமக்கும் இடையில் பக்கிளின் வடிவம் மாறவில்லை. உலோகம் மட்டும்தான் மலிந்துபோயிற்று.

முள் செய்வது

இது வீட்டில் செய்யக்கூடிய வேலைகளிலேயே திருப்தியானது. வேண்டியவை: மூக்குக் குறடு, கட்டிங் பிளேயர், சுத்தியல், அரம், அடியில் வைத்துத் தட்ட ஒரு கனமான இரும்புத் துண்டு. அம்மிக்கல்லில் வைத்துத் தட்டாதீர்கள். கல்லுக்கும் கேடு, வீட்டில் சண்டையும் வரும்.

முள்ளுக்கு உலோகம் எங்கே? பேன்ட் பெல்ட்டுக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்பு ஆணி போதும். ஹார்டுவேர் கடையில் அதே கனத்தில் பித்தளைக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது, துருப்பிடிக்காது. பச்சை பெல்ட்டில் உள்ள சின்னப் பக்கிளுக்கும், பெண்கள் கைப்பை வாருக்கும், வாட்ச் வாரைவிடச் சற்றுப் பெரிய எதற்கும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி கச்சிதம். அது 2 மில்லிமீட்டர் கனம், இரும்பில் நல்ல ரகம். ஒரு தடவைதான் வளைக்க வேண்டும். நிமிர்த்தி நிமிர்த்தி வளைத்தால் விரிசல் விடும்.

பழைய முள்ளின் துண்டை எடுத்துவிட்டு, தண்டின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்தின் வெளி ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் 2 மில்லிமீட்டர். முள் சட்டத்தின்மேல் உட்கார வேண்டும்; குட்டையாக இருந்தால் சட்டத்துக்குள் விழுந்து மறுபக்கம் போய்விடும். நீண்டிருந்தால் சட்டையைக் கிழிக்கும். சுருளுக்காகத் தனியே ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள்.

ஆணியின் கொண்டையை வெட்டிவிட்டு, சுருளாகப் போகிற முனையை இரும்புத் துண்டின்மேல் வைத்து மெதுவாகத் தட்டித் தட்டையாக்குங்கள். வளையாமல் முரண்டு பிடித்தால், குறட்டில் பிடித்து அடுப்புத் தீயில் செக்கச் சிவக்கக் காட்டி, தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிட்டால் இளகிவிடும். வெள்ளைப் பூச்சுப் போட்ட ஜி.ஐ. ஆணியை மட்டும் தீயில் காட்டக்கூடாது, அதுவும் துத்தநாகம்தான்.

இப்போது தண்டின் கனத்துக்குச் சமமான இன்னொரு ஆணியை எடுத்து, தட்டையான முனையை அதன்மேல் மூக்குக் குறட்டால் சுற்றி வளையுங்கள். முக்கால் வட்டம் வந்ததும் நிறுத்தி, உருவி, பக்கிளின் தண்டில் மாட்டி, மீதிக் கால் வட்டத்தை அங்கேயே அழுத்தி மூடுங்கள். குறட்டின் வாய்க்குக் கொஞ்சம் டேப் சுற்றிக்கொண்டால் பூச்சில் கீறல் விழாது. முள் கதவுக் கீல் மாதிரி தாராளமாக ஆட வேண்டும், ஆனால் தண்டில் இடமும் வலமும் ஓடக்கூடாது.

நுனிதான் கடைசி வேலை, அதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெட்டிய ஆணி நுனியில் கூர் விளிம்பு இருக்கும். ஒவ்வொரு நாளும் அது துளையின் தோலை அறுக்கும். ஆறு மாதத்தில் துளை கிழிந்து நீண்டுவிடும். அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, விரல் நுனியை ஓட்டிப் பார்த்து, உறுத்தவில்லை என்றால் சரி. நுனியைச் சட்டத்தின் பள்ளத்தில் படிகிற மாதிரி ஒரு இம்மி கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். இரும்பு முள்ளுக்குத் துரு வராமல் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட்டிங் அடிக்கலாம். தேயத் தேயத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

பக்கிளையே மாற்றுவது

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நாள் பார்த்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டாக முறிந்த பக்கிளை நீட்டி, "அண்ணா, இத ஒட்டித் தருவீங்களா?" என்றான். செருப்புத் தைப்பவர் உடைந்த துண்டைப் பார்க்கவே இல்லை. பெல்ட்டின் வெட்டு ஓரத்தை நகத்தால் கீறினார், மடிப்பை விரித்து மோந்தார். "தோலு அசல்பா. இத ஒட்டுனா ஒரு வாரம்கூட நிக்காது. வேற போட்டுக்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துப் பழைய பக்கிள்களைக் கிளற ஆரம்பித்தார். தெரிந்தவர் கை முதலில் தோலுக்குத்தான் போகிறது.

நீங்களும் அதையே செய்யுங்கள். வெட்டு ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தால் முழுத் தோல். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், உள்ளே அட்டையோ துணியோ தெரிந்தால் ரெக்சின் வகை; அதற்கு உழைப்பைச் செலவிட வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களெல்லாம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 1948 முதல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இப்படி ஒரு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு உரிகிற பிளாஸ்டிக்கை இடுப்பில் கட்டுவானேன்? ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய தோல்களெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டவை. நம் பக்கத்துக் கரம்பில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதே ஆவாரை. அப்படித் தாவரச் சாறில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், துளை இளகாது. பெல்ட்டுக்கு அதுதான் ராசி.

பக்கிள் வாங்க அளக்க வேண்டியது ஒரே ஒரு அளவு: தண்டின் உள் அகலம். ஆபீஸ் பெல்ட் அநேகமாக மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். ஜீன்ஸ் பெல்ட் நாலு சென்டிமீட்டர் சுற்றில். பக்கிளின் உள் அகலம் வாரின் அகலத்துக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் கூடவோ இருக்கலாம். குறைந்தால் வாரின் இரு ஓரமும் மேலே சுருண்டு நிற்கும். அப்புறம் தோலும் அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும்.

பழைய பக்கிளை எடுக்க மடிப்பைத் திறக்க வேண்டும். மடிப்பில் திருகு இருந்தால் அதிர்ஷ்டம்: நாணயத்தை வைத்துத் திருப்பினால் கழன்றுவிடும். பிரஸ் பட்டன் என்றால் இழுத்தால் போதும். தையல் என்றால் உள்பக்க நூலை பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து உருவுங்கள். தோலில் பிளேடு படக்கூடாது. ரிவிட் அடித்திருந்தால் அதன் தலையை அரத்தால் ராவித் தேய்த்துவிட்டு, ஆணியால் தட்டி வெளியே தள்ளுங்கள்.

மடிப்புத் தோல் நன்றாக இருந்தால் புதுப் பக்கிளைக் கோத்து, முள்ளை நீள்துளை வழியாக வெளியே எடுத்து, மடித்து, பழைய துளைகளிலேயே தைத்துவிடலாம். காய்ந்து விறைத்திருந்தால் ஒரு சொட்டு விளக்கெண்ணெயை விரலால் தேய்த்து ராத்திரி முழுக்க விடுங்கள்.

மடிப்பு வெடித்திருந்தால் அந்தப் பகுதியை நேராக வெட்டி எறிந்துவிட்டுப் புது மடிப்பு எடுக்க வேண்டும். பெல்ட் ஏறக்குறைய 3 அங்குலம் குறையும். வெட்டும் முன் கட்டிப் பாருங்கள்: வழக்கமாகப் போடுகிற துளையைத் தாண்டி நுனிப் பக்கம் மூன்று துளைக்கு இடம் இருக்கிறதா? சாதாரணமாகத் துளைகளுக்கு இடைவெளி ஒரு அங்குலம். இடமில்லை என்றால் தம்பிக்கோ மகனுக்கோ கொடுக்க வேண்டியதுதான்.

புது மடிப்புக்கு, வெட்டிய முனையிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி, வாரின் நட்டநடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 4 மில்லிமீட்டர் துளை இரண்டு போடுங்கள். ஹோல் பஞ்ச் இல்லாவிட்டால், மரத்துண்டின்மேல் வைத்து 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையாலேயே திருகினால் போதும். ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிற பழக்கம் வேண்டாம். தோல் கருகி, அந்த இடம் பிற்பாடு வெடிக்கும். இரண்டு துளையையும் பிளேடால் நேர்க்கோட்டில் இணைத்தால் நீள்துளை வந்துவிடும். அந்த நீள்துளையின் நடுதான் மடிகிற இடம். அங்கே தோலின் உள்பக்கத்தைப் பாதிக் கனத்துக்குச் சீவிவிட்டால் மடிப்பு திமிறாமல் உட்காரும். அதிகமாகச் சீவினால் அங்கேதான் அறும். கை நடுங்குகிறவர்கள் சீவாமலே விடுவது நல்லது.

தைக்க மெழுகு பூசிய நைலான் நூல். சாதாரண நூல்தான் இருக்கிறதென்றால் மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்குக்குக் குறையாமல் எடுத்து, இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோத்துக்கொள்ளுங்கள். குத்தூசியால் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, ஒரே துளையில் ஒரு ஊசி முன்னிருந்து பின்னுக்கும் மற்றது பின்னிருந்து முன்னுக்கும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து இறுக்கி, அடுத்த துளை. சேணம் தைக்கிறவர்களின் தையல் இது. தையல் மெஷினில் போட்ட நூல் ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாக அவிழும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும். லூப்பை உள்ளே வைத்துத் தைக்க மறந்துவிடாதீர்கள், பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

தையல் கைவராதவர்களுக்குத் திருகு வைத்த ரிவிட் இரண்டு போதும். மரையில் நெயில் பாலிஷ் ஒரு துளி விட்டு இறுக்கினால் தானாகக் கழலாது.

துளையில்லாத ஆட்டோமேட்டிக் பக்கிள்

இழுத்தால் கடகடவென்று ஏறி நின்றுகொள்ளும் வகை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழும்போது ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம் என்பதால் இதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். வாரின் பின்பக்கம் பிளாஸ்டிக் பற்கள் வரிசையாகத் தைத்திருக்கும். பக்கிளுக்குள் ஒரு சின்ன நாக்கு ஸ்பிரிங்கின் உந்தலில் அந்தப் பல்லைக் கவ்வும்.

நிற்காமல் வழுக்குகிறது என்றால் உடனே பக்கிளைக் குறை சொல்ல வேண்டாம். நாக்கைச் சுற்றிப் பஞ்சும் அழுக்கும் அடைத்திருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வாரைக் கவ்வியிருக்கிற பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருந்தால், மூக்குக் கண்ணாடி முடுக்குகிற ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். ஸ்பிரிங் வெளியே தெறித்துத் தொலைந்திருந்தால் பந்துப் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தப் பார்க்காதீர்கள். அது அச்சின் கனத்துக்குச் சேராது. சமயம் பார்த்துக் கைவிடும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது பற்கள்தான். தினமும் ஒரே இடத்தில் கவ்வுவதால் அங்கே மட்டும் தேய்ந்திருக்கும், மற்றதெல்லாம் புதிதாக இருக்கும். பக்கிளைத் திறந்து வாரைக் கழற்றி, பக்கிள் கவ்வும் முனையில் அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டுங்கள். இனி நாக்கு வேறு பற்களில் விழும். ஐந்து நிமிஷ வேலை. பெல்ட்டுக்கு இரண்டாம் ஆயுசு.

கறுப்பு ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம் என்று திருப்பிப் போடுகிற பக்கிளில் கழுத்துத் திருகும் இடம் தேய்ந்துவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. புதிது போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எலாஸ்டிக் பெல்ட்டில் கொக்கி விரிந்திருந்தால் குறட்டால் அழுத்துங்கள். எலாஸ்டிக் தொய்ந்திருந்தால் கொக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோட்டை ஏறும்போது போனால்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏற வருகிறவர்களுக்காக ஒரு பத்தி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12இல், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம், படி செங்குத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப் பிளவின்மேல் பாலம். அங்கே ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு போவது ஆபத்து.

முள் மட்டும் உடைந்திருந்தால் சாவிக்கொத்தின் வளையம் காப்பாற்றும். வாரைச் சட்டத்துக்குள் நுழைத்து, சரியான துளை வழியாக வளையத்தைக் கோத்து, அதே வளையத்தைச் சட்டத்தின் தண்டைச் சுற்றியும் போட்டுவிடுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை அசையாது. சட்டமே போய்விட்டால் பெல்ட்டை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, பேன்ட்டின் முன்பக்கப் பெல்ட் பட்டைகள் இரண்டைக் கைக்குட்டையால் இழுத்துக் கட்டுங்கள். ஷூ கயிற்றை உருவிக் கட்ட வேண்டாம். அந்தப் படிகளில் இறங்க ஷூ இறுக்கமாக இருக்க வேண்டும். கழற்றிய பெல்ட்டை மதில்மேல் வைக்காதீர்கள், அங்கே குரங்குகள் அதிகம்.

அரிப்பு

பக்கிளைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. தொப்புளுக்குக் கீழே பக்கிள் படுகிற இடத்தில் மட்டும் கறுத்து, அரித்து, தடித்துப் போகிறவர்கள் உண்டு. சூடு, வியர்வைக்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருப்பார்கள். பல சமயம் அது நிக்கல் ஒவ்வாமை. பூச்சில் உள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து தோலில் படுகிறது. நம் சித்திரை, வைகாசி வெயிலில் கேட்க வேண்டுமா? உடம்பில் படும் பொருள்களிலிருந்து நிக்கல் எவ்வளவு வெளிவரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே வரம்பு வைத்தது. அரிப்பு உள்ளவர்கள் பனியனை உள்ளே சொருகி, உலோகம் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கிளின் பின்பக்கம் நெயில் பாலிஷ் அடிப்பது சில வாரம் தாங்கும். மாற்றுகிற நேரம் வந்தால் பூச்சில்லாத பித்தளை போடுங்கள். புண்ணாகிவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மாற்று பக்கிள் எங்கே?

செருப்புத் தைப்பவர்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் பழையதே இருக்கும். விலை பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள், அதற்காகக் குறைத்துக் கொடுக்காதீர்கள். கனமான பித்தளை வேண்டுமானால் சேணச் சாமான்கள் செய்யும் கான்பூரிலும் பித்தளை வார்க்கும் அலிகரிலும் வார்த்தவை சென்னை பெரியமேட்டுத் தோல் சாமான் கடைகளுக்கு வருகின்றன. வீட்டில் தோல் உரிந்து போன பெல்ட்களை எறியும் முன் பக்கிளையும் திருகுகளையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

கடைக்குப் போகும்போது அளவை எழுதிக்கொண்டு போவதோடு நிற்காமல் பெல்ட்டையே கையில் எடுத்துப் போங்கள். தண்டில் வாரை நுழைத்து, முள் துளைக்குள் முழுதாக இறங்குகிறதா என்று அங்கேயே பார்த்து, காந்தம் ஒட்டுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.